எண்ணுவதா, அளப்பதா?

"பையன் பரீட்சைப் பேப்பரில் 'அட்வைஸஸ்' என்று எழுதிவிட்டான். டீச்சர் சிவப்பு மையால் சுழித்து, ஒரு மார்க்கைக் குறைத்துவிட்டார். 'புக்' என்றால் 'புக்ஸ்' வருகிறதே, 'அட்வைஸ்' என்றால் ஏன் 'அட்வைஸஸ்' வரக் கூடாது என்று என்னிடம் வந்து கேட்கிறான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 'போம்மா, உனக்கு இங்கிலீஷே தெரியாது' என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். நான் தமிழில் படித்தவள். இந்த 'நவுன்' சமாசாரத்தை முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பீர்களா?"

இப்படி ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருக்கிறார். கடிதத்தைப் படித்தபோது, அவருக்குத் தெரியாதது இலக்கணமல்ல, இலக்கணத்தின் இங்கிலீஷ்ப் பெயர்கள்தாம் என்று தோன்றியது. விஷயம் அவர் சமையலறையிலேயே டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

பெயருக்குப் பெயர்

'நவுன்' என்ற சொல் லத்தீன் பாஷையில் 'நோமென்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கு அர்த்தம் 'பெயர்'. நாமும் 'பெயர்ச்சொல்' என்றுதானே சொல்கிறோம்? ஆக, முதல் அடியிலேயே இரண்டு பாஷையும் கைகோத்துக்கொண்டு விட்டன.

அப்புறம் வகை பிரிக்கும்போதுதான் தனித்தனி வழி. நம் நன்னூல் வழியில் பெயர்ச்சொல் ஆறு: பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில். இங்கிலீஷில் எத்தனை? நம் நாட்டுப் பள்ளிக்கூடங்களில் தாத்தா காலத்தில் படித்த நெஸ்பீல்டு இலக்கணத்தில் ஐந்து: பிராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட். பிறகு வந்த ரென் அண்டு மார்ட்டின் புத்தகத்தில் நான்குதான். 'மெட்டீரியல்' அங்கே தனி வகையாக நிற்கவில்லை. உங்கள் குழந்தையின் பாடப் புத்தகத்தில் ஐந்து இருக்கலாம். பக்கத்து வீட்டுக் குழந்தையின் புத்தகத்தில் நான்கு இருக்கலாம். இதற்காக யாரும் சண்டை போட வேண்டியதில்லை. வகை என்பது நாம் வைக்கும் டப்பா; உள்ளே இருக்கும் பருப்பு ஒன்றேதான்.

ஊர் பேரும் உன் பேரும்

'பிராப்பர் நவுன்' என்றால் ஒருவருக்கு அல்லது ஒன்றுக்கு மட்டுமே உரிய பெயர்: மீனாட்சி, மதுரை, காவேரி, திங்கட்கிழமை. 'காமன் நவுன்' என்றால் அந்த இனத்துக்கே பொதுவான பெயர்: பெண், ஊர், ஆறு, நாள்.

பிராப்பர் நவுனுக்கு முதலெழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும். நம் குழந்தைகள் இதை அடிக்கடி மறப்பதற்குக் காரணம், தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. மகாராஜா பெயரும் மண்வெட்டியின் பெயரும் நம்மிடம் ஒரே உயரந்தான்! ஜெர்மன் பாஷையிலோ நேர் எதிர். அங்கே மண்வெட்டி உள்பட ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்து உண்டு.

இதில் தாய்மார்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று. 'ஐ ஆஸ்க்டு மை மதர்' என்று எழுதும்போது 'மதர்' சின்ன எழுத்து. 'மை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஐ ஆஸ்க்டு மதர்' என்று எழுதினால் பெரிய எழுத்து. ஏன்? முதல் வாக்கியத்தில் 'மதர்' என்பது ஓர் உறவு. உலகத்தில் எத்தனையோ பேருக்குப் பொருந்தும். இரண்டாவதில் அது அம்மாவின் பெயராகவே ஆகிவிட்டது. வீட்டில் குழந்தைக்கு 'அம்மா' என்றால் ஒரே ஓர் ஆள்தானே? அந்த உண்மையை இங்கிலீஷ் இலக்கணம் ஒரு பெரிய எழுத்தைக் கொடுத்து ஒப்புக்கொள்கிறது.

சில பெயர்கள் பெரிய எழுத்தை இழந்து பொதுச்சொல்லாகிவிடுவதும் உண்டு. பீங்கான் கோப்பைகளுக்கு 'சைனா' என்று பெயர். நாட்டின் பெயர்தான், ஆனால் சின்ன எழுத்து. கள்ளிக்கோட்டையிலிருந்து கப்பலேறிப் போன துணி 'காலிகோ' ஆயிற்று. நம் சென்னைப் பட்டணத்திலிருந்து போன கட்டம் போட்ட துணி 'மெட்ராஸ்' ஆயிற்று. 1996-ல் பட்டணத்தின் பெயரைச் சென்னை என்று மாற்றினோம். துணியின் பெயர் மாறவில்லை. அதை மாற்ற எந்தச் சர்க்காருக்கும் அதிகாரமில்லை. அது காமன் நவுன்! நம் வீடுகளிலேயே, எந்தக் கம்பெனி வனஸ்பதியானாலும் 'டால்டா' என்று சொல்லி வாங்கிய காலம் ஒன்று உண்டே. அதுவும் இதே கதைதான்.

கூட்டமும் குணமும்

'கலெக்டிவ் நவுன்' என்றால் கூட்டத்துக்குப் பெயர். நமக்கு இது புதிதல்ல. ஆட்டுக்கு மந்தை, பூவுக்குக் கொத்து, வாழைக்குத் தார். தாரிலிருந்து பிரித்தால் சீப்பு. வாழைப்பழ வியாபாரத்தில் இங்கிலீஷ்காரர்கள் சீப்புக்கு 'ஹாண்டு' என்றும், தனிப் பழத்துக்கு 'பிங்கர்' என்றும் சொல்கிறார்கள். நமக்குத் தலைவாரும் சீப்பாகத் தெரிந்தது அவர்களுக்குக் கையும் விரலுமாகத் தெரிந்திருக்கிறது!

இங்கிலாந்தில் 1486-ஆம் வருஷத்தில் 'புக் ஆப் செயின்ட் ஆல்பன்ஸ்' என்று ஒரு புத்தகம் அச்சாயிற்று. வேட்டை, பறவை பற்றிய அந்தப் புத்தகத்தில் இத்தகைய கூட்டப் பெயர்களின் ஜாபிதா ஒன்று உண்டு. சிங்கக் கூட்டத்துக்கு 'பிரைடு', அதாவது கர்வம். வாத்துக் கூட்டத்துக்கு 'காகிள்'. அதே சொல்லைப் பெண்கள் கூட்டத்துக்கும் போட்டிருக்கிறது. மனைவிமார் கூட்டத்துக்கோ 'பொறுமையின்மை' என்று பெயர் சூட்டியிருக்கிறது! யாரோ ஓர் ஆண்பிள்ளையின் குறும்பு என்று நினைப்பீர்கள். ஆனால் அந்தப் புத்தகத்தின் வேட்டைப் பகுதியில் இருப்பது ஜூலியானா பெர்னர்ஸ் என்ற ஒரு மாதரசியின் பெயர். என்ன சொல்ல!

கூட்டப் பெயரில் ஒரு சங்கடம் உண்டு. 'பாமிலி' என்பதற்குப் பிறகு 'இஸ்' போடுவதா, 'ஆர்' போடுவதா? குடும்பம் முழுவதையும் ஒன்றாக நினைத்தால் 'இஸ்'. குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவரையும் நினைத்தால் இங்கிலாந்துக்காரர்கள் 'ஆர்' போடுவதுண்டு. 'போலீஸ்' என்பதற்கு மட்டும் எப்போதும் 'ஆர்'தான்.

'அப்ஸ்ட்ராக்ட் நவுன்' என்றால் கண்ணால் பார்க்கவோ கையால் தொடவோ முடியாததன் பெயர். இதற்கு அதிகம் விளக்கம் வேண்டாம். தமிழில் 'மை' என்று முடியும் பண்புப் பெயர்களை நினைத்துக்கொண்டால் போதும். தாய்மை என்றால் 'மதர்ஹுட்'. இனிமை என்றால் 'ஸ்வீட்னெஸ்'. வறுமை என்றால் 'பாவர்ட்டி'. நமக்கு ஒரே 'மை'. அவர்களுக்கு 'ஹுட்', 'னெஸ்', 'ட்டி' என்று பல வால்கள். நம் பாடு எளிது.

சமையலறை இலக்கணம்

இனித்தான் சகோதரியின் கேள்விக்கு வருகிறோம். நான்கோ, ஐந்தோ, எத்தனை வகையாகப் பிரித்தாலும், பரீட்சையிலும் பேச்சிலும் நம்மைத் தடுக்கி விழச் செய்வது வேறொரு பிரிவினை. அதுதான் 'கௌண்டபிள்', 'அன்கௌண்டபிள்'. எண்ணக்கூடியது, எண்ணக்கூடாதது.

நம் இலக்கணத்தில் அளவை நான்கு என்று சொல்லியிருக்கிறது: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். தேங்காயை எண்ணி வாங்குகிறோம். புளியை நிறுத்து வாங்குகிறோம், அது எடுத்தல். எண்ணெயை முகந்து வாங்குகிறோம். துணியை முழம் போட்டு வாங்குகிறோம், அது நீட்டல். இந்த நான்கில் முதலாவது இங்கிலீஷில் கௌண்டபிள். மற்ற மூன்றும் பெரும்பாலும் அன்கௌண்டபிள். அவ்வளவுதான் சூத்திரம்!

தேங்காய், முட்டை, கரண்டி, தட்டு: இவற்றுக்கு முன்னால் 'எ' அல்லது 'ஆன்' போடலாம், பின்னால் 'எஸ்' போடலாம், 'மெனி' என்று கேட்கலாம். அரிசி, பால், உப்பு, எண்ணெய்: இவற்றுக்கு 'எ' கிடையாது, 'எஸ்' கிடையாது, 'மெனி' கிடையாது, 'மச்' என்றுதான் கேட்க வேண்டும். 'ஹவ் மெனி எக்ஸ்?', 'ஹவ் மச் ரைஸ்?' மளிகைக் கடைக்காரரிடம் நாம் 'எத்தனை முட்டை', 'எவ்வளவு அரிசி' என்று தமிழில் கேட்கிறோமே, அதே பேதந்தான். 'எத்தனை' என்றால் 'மெனி'; 'எவ்வளவு' என்றால் 'மச்'. எட்டாம் வகுப்புக் குழந்தைக்கு இதைவிடச் சுருக்கமான விதி எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

அளக்க வேண்டியதை எண்ண வேண்டுமென்றால் என்ன செய்வோம்? ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி அரிசி, ஒரு கட்டி சோப்பு, ஒரு தம்ளர் பால் என்போம். இங்கிலீஷிலும் அதுதான்: 'எ பின்ச் ஆப் ஸால்ட்', 'எ பார் ஆப் ஸோப்', 'எ லோப் ஆப் பிரெட்'. எண்ணப்படுவது பாத்திரமே தவிரப் பண்டம் அல்ல.

எண்ணினாலும் எண்ணக் கூடாதவை

"அரிசி சரி, மேஜை நாற்காலியை எண்ணலாமே! 'பர்னிச்சர்ஸ்' என்றால் ஏன் தப்பு?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

'துணிமணி' என்று சொல்கிறோம். 'மூன்று துணிமணி வாங்கினேன்' என்று யாராவது சொல்வார்களா? 'மூன்று புடவை வாங்கினேன்' என்போம். 'நகைநட்டு' என்கிறோம். 'நாலு நகைநட்டு' என்று சொல்வதில்லை. 'நாலு நகை' என்போம். பல தினுசுச் சாமான்களை ஒரு மூட்டையாகக் கட்டிப் பேசும் சொல் அது; மூட்டையை அவிழ்த்தால்தான் எண்ண முடியும். 'பர்னிச்சர்', 'லக்கேஜ்', 'ஜுவல்லரி' எல்லாம் இங்கிலீஷ் மூட்டைகள். அவிழ்த்தால் 'சேர்', 'பாக்ஸ்', 'பாங்கிள்' என்று வெளியே விழும். அவற்றைத் தாராளமாக எண்ணலாம்.

'அட்வைஸ்', 'இன்பர்மேஷன்' இரண்டும் இதே ஜாதி. பெரியவர்களிடம் போய், "பையனுக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லுங்கள்" என்கிறோம். எண்ணியது புத்தியையா? இல்லை, வார்த்தையைத்தான். அதைப்போலவே இங்கிலீஷில் 'எ பீஸ் ஆப் அட்வைஸ்', 'டூ பீஸஸ் ஆப் அட்வைஸ்' என்று சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை 'மனி'. பணத்தை எண்ணாத வீடு உண்டா? முதல் தேதியில் ஒரு தரம், இருபதாம் தேதியில் பத்துத் தரம் எண்ணுகிறோம். ஆனாலும் 'மனி' அன்கௌண்டபிள். எண்ணப்படுவது ரூபாய், 'மனி' அல்ல. இன்னொன்று 'ஹவுஸ்வொர்க்'. வீட்டு வேலை எண்ணிக்கையில் அடங்காது என்று நாம் எத்தனை தடவை சொன்னாலும் வீட்டிலுள்ளவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. இங்கிலீஷ் இலக்கணம் ஒப்புக்கொண்டிருக்கிறது! 'ஹோம்வொர்க்'கும் அப்படியே, 'ஹோம்வொர்க்ஸ்' என்று எழுதக் கூடாது.

இது பொருளின் குணமல்ல, பாஷையின் பழக்கம் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? பிரெஞ்சு பாஷையில் அட்வைஸ், இன்பர்மேஷன், பர்னிச்சர் மூன்றுக்கும் உள்ள சொற்களைத் தாராளமாக எண்ணலாம். கடலின் ஒரு கரையில் சரியாக இருப்பது, குறுகிய கால்வாயைத் தாண்டிய மறு கரையில் தப்பாகிவிடுகிறது.

இங்கிலீஷ்காரர்களே தடுக்கி விழுந்த இடமும் உண்டு. முன்காலத்தில் பட்டாணிக்கு அவர்கள் 'பீஸ்' என்று சொல்லிவந்தார்கள். அரிசியைப்போல அது அளந்து சொல்லும் சொல், ஒருமைதான். கடைசியில் 'ஸ்' ஒலி வந்ததைக் கேட்டு, இது பன்மை போலிருக்கிறது என்று நினைத்து, வாலை நறுக்கி 'பீ' என்று ஓர் ஒருமையை உண்டாக்கிவிட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டில் நடந்த இந்தப் பிழை இன்று அகராதியில் சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. ஊரே சேர்ந்து செய்தால் பிழை இலக்கணமாகிவிடும். குழந்தை தனியாகச் செய்தால் மார்க் போய்விடும்!

இரண்டு வேஷம்

சில சொற்கள் இரண்டு வேஷமும் கட்டும். 'அயர்ன்' என்றால் இரும்பு. 'ஆன் அயர்ன்' என்றால் இஸ்திரிப் பெட்டி. 'கிளாஸ்' என்றால் கண்ணாடி. 'எ கிளாஸ்' என்றால் கண்ணாடித் தம்ளர். 'பேப்பர்' என்றால் காகிதம். 'எ பேப்பர்' என்றால் தினசரிப் பத்திரிகை, அல்லது பரீட்சை வினாத்தாள். 'ஹேர்' என்றால் தலைமயிர் முழுவதும். 'எ ஹேர்' என்றால் ரசத்தில் விழுந்து கிடக்கும் அந்த ஒன்று. 'காபி' அன்கௌண்டபிள்தான், ஆனால் ஹோட்டலில் உட்கார்ந்து 'டூ காபீஸ்' என்று சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இரண்டு கோப்பை என்று அர்த்தம் செய்துகொள்வார்கள்.

ஆள்மாறாட்டம் செய்பவை இன்னும் சில. 'நியூஸ்' பார்க்கப் பன்மை போலிருக்கும், ஆனால் ஒருமை. 'தி நியூஸ் இஸ் குட்' என்றே சொல்ல வேண்டும். 'சிஸர்ஸ்' ஒரே கத்தரிக்கோலானாலும் பன்மை. ஒன்று என்று சொல்ல வேண்டுமானால் 'எ பேர் ஆப் சிஸர்ஸ்'. 'மதர்-இன்-லா' பன்மையில் 'மதர்ஸ்-இன்-லா' ஆகும். 'எஸ்' சேருவது 'மதர்' என்ற சொல்லோடு. 'லா' என்ற சட்டத்தோடு அல்ல. மாமியார் எத்தனை பேரானாலும் சட்டம் ஒன்றுதான் போலும்!

ஏன் நமக்கு மட்டும்?

நமக்கு மட்டும் அல்ல. தமிழில் 'பத்து மாம்பழம் வாங்கினேன்' என்றால் யாரும் தப்பென்று சொல்வதில்லை. 'பத்து' என்று சொன்ன பிறகு 'கள்' எதற்கு? அஃறிணையில் பன்மை விகுதி நம் இஷ்டம். இந்தப் பழக்கத்தில் வளர்ந்த குழந்தை முதலில் 'டென் மாங்கோ' என்று எழுதுகிறது. டீச்சர் திருத்துகிறார். உடனே குழந்தை பயந்துபோய், கண்ட இடத்திலெல்லாம் 'எஸ்' ஒட்டி, 'அட்வைஸஸ்' என்றும் 'பர்னிச்சர்ஸ்' என்றும் எழுதுகிறது. ஆகவே அந்தப் பிழை மக்குத்தனமல்ல. கற்றுக்கொண்ட விதியை அதிகப்படியாக நம்பியதன் பலன்.

ஜப்பானியருக்கும் இதே தொல்லை உண்டு; அவர்கள் பாஷையிலும் பன்மை கட்டாயமில்லை. ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்த ஏ.எஸ். ஹார்ன்பி என்பவர் வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டு, அந்நியர் படிப்பதற்கென்றே ஓர் அகராதி தயாரித்தார். அது 1942-ல் டோக்கியோவில் வெளியாயிற்று. எந்தப் பெயரை எண்ணலாம், எதை எண்ணக் கூடாது என்று அதில் அடையாளம் போட்டிருந்தார்கள். 1948-ல் ஆக்ஸ்போர்டு பிரசுரமாக வந்து, இன்றைக்கும் பல பதிப்புகள் கண்டுவரும் 'லேர்னர்ஸ் டிக்‌ஷனரி' அதுவே. பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் 'ஸி' எழுத்து இருந்தால் எண்ணலாம். 'யு' எழுத்து இருந்தால் எண்ணக் கூடாது. இரண்டும் இருந்தால் இரண்டு வேஷக்காரச் சொல். வீட்டில் ஓர் அகராதி வாங்குவதானால், அடையாளம் போட்ட இப்படிப்பட்ட அகராதியாகப் பார்த்து வாங்குங்கள். குழந்தை கேட்கும்போது, "எனக்குத் தெரியாது" என்று நிறுத்திவிடாமல், "வா, இரண்டு பேரும் பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். விடை தெரிந்த தாயாரைவிட, விடை தேடத் தெரிந்த தாயாரே குழந்தைக்கு அதிகம் பயன்படுவாள்.

இந்த வாரத்து வேலை இது. கீழே உள்ள ஐந்து வாக்கியங்களிலும் ஒவ்வொரு பிழை இருக்கிறது. விடையைக் கையால் மறைத்துக்கொண்டு நீங்களும் குழந்தையுமாகப் போட்டி போட்டுப் பாருங்கள்.

1. ஐ பாட் டூ பிரெட்ஸ்.
2. ஷீ கேவ் மி மெனி இன்பர்மேஷன்ஸ்.
3. மை ஹேர்ஸ் ஆர் பாலிங்.
4. தி சிஸர்ஸ் இஸ் ஆன் தி டேபிள்.
5. ஹவ் மெனி மனி டு யூ வாண்ட்?

விடைகள்: 1. டூ லோவ்ஸ் ஆப் பிரெட். 2. எ லாட் ஆப் இன்பர்மேஷன். 3. மை ஹேர் இஸ் பாலிங். 4. தி சிஸர்ஸ் ஆர். 5. ஹவ் மச் மனி. கடைசிக் கேள்வியை வீட்டுக்காரர் தாமாகவே கேட்டால், இலக்கணத்தைத் திருத்திக்கொண்டிருக்காமல் முதலில் தொகையைச் சொல்லிவிடுங்கள்!

அடுத்த வாரம் 'எ', 'ஆன்', 'தி' என்ற மூன்று சில்லறைச் சொற்கள் படுத்தும் பாட்டைப் பார்ப்போம்.